கால்மிதிக் குழாய்

தையல் இயந்திரத்தின் இரும்புக் கால்மிதியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா எங்கள் வரைபட அறைக்குள் நுழைந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலியில் குடியிருப்புப் பிளாக்குகள் எழும்பிக்கொண்டிருந்தன. நான் அங்கே வரைவாளன். அந்தக் கோடையில் வயிற்றுப்போக்கு பரவி, கான்ட்ராக்ட் ஆட்களின் குடிசைகளில் குழந்தைகள் இறந்திருந்தார்கள். சுரங்க வாசலில் இருந்த பொதுக் கழிப்பிடத்தில் ஒரு ஷிப்ட் முழுக்க நின்று பார்த்தாராம் அவர். அழுக்குக் கையால் குழாயைத் திறக்கிறார்கள். கழுவிய கையால் அதையே மூடுகிறார்கள். “கழுவி விட்டதையே திரும்ப வாங்கிக்கினு போறாங்க. காலால தெறக்கிற மாதிரி ஒண்ணு வரைஞ்சு குடுங்க” என்றார்.

வரைந்தேன். மிதித்தால் தண்ணீர் வரும். காலை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்து அடைத்துவிடும். முதலில் செய்தது ஒழுகியது. அடுத்தது வெறுங்காலைக் கிழிக்கும் என்று பட்டறையில் டாக்டரம்மாவே செருப்பைக் கழற்றி மிதித்துப் பார்த்துச் சொன்னார். விளிம்பை மழுக்கினோம். கழிப்பிடக் கதவையும் தோளால் தள்ளினால் திறக்கும்படி மாற்றினோம்.

பொருத்திய அன்று ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் கூடி நின்றார்கள். முதலில் மிதித்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து சூப்பர்வைசர். நல்ல மனிதர். போன தை மாதம்தான் அவர் மனைவிக்கு டாக்டரம்மா ஆயுதம் போட்டுப் பிரசவம் பார்த்திருந்தார். சூப்பர்வைசர் மனம் நிறைந்து சொன்னார்: “புண்ணியமாப் போச்சுங்கம்மா. இனி அந்தச் சேரிக்காரங்க தொட்ட கொழாய நாம தொட வேண்டியதில்லீங்க.”

பின்னால் கூலிப் பெண்கள் நின்றிருந்தார்கள். எனக்கு முதலில் அவர் சொன்னது புரியவேயில்லை. கிருமிக்காக நான் போட்ட கோடு எங்கே போய் முடிந்திருக்கிறது என்று பிறகுதான் உறைத்தது. சிலர் ஆமோதித்துத் தலையாட்டினார்கள்.

டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. “எங்க வூடு குள்ளஞ்சாவடி சேரியிலதாங்க. உங்க புள்ளைய இந்தக் கையாலதான் எடுத்தேன்.”

மிதியிலிருந்து காலை எடுக்கக்கூட சூப்பர்வைசருக்குத் தோன்றவில்லை, தண்ணீர் கொட்டிக்கொண்டேயிருந்தது. டாக்டரம்மா கூலிப் பெண்களை முன்னால் வரச் சொன்னார். ஒருத்தியும் வரவில்லை.

இன்று கையை நீட்டினாலே தண்ணீர் கொட்டும் குழாய்கள் வந்துவிட்டன. ‘தொடவே வேண்டாம்’ என்று யாராவது மெச்சினால் எனக்கு இன்னும் திக்கென்கிறது.

குழாய் பொருத்திய அடுத்த மாதம் அந்த சூப்பர்வைசர் குழந்தைக்கே வயிற்றுப்போக்கு கண்டது. அவர்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றால் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி தெரியும். துவண்டு கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கடலூர் பஸ் ஏறியதை நானே பார்த்தேன். பிள்ளை பிழைத்து வந்தது, அது வேறு விஷயம். அன்று ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னபோது, அவர் ஒன்றுதான் கேட்டார்.

“போற வழியில கொழந்தைக்குக் குடிக்கத் தண்ணி எடுத்துக்கினு போனாங்களா?”