வேனில் போன மெழுகுக் கை

எங்கள் பீரோவின் மேல்தட்டில், சேலைகளுக்குப் பின்னால், ஒரு மெழுகுக் கை இருக்கிறது. வலது கை. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கி உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மாதாவுக்குக் காணிக்கை வைக்க நான் பெங்களூரில் வாங்கியபோது ஐந்து விரலும் நேராகத்தான் இருந்தன. பதினோரு வருஷம் கழித்து, போன மாதம், கேன்டீன் அக்கா அதை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியின் கேன்டீனில் அவர் சமையல். ஆவணி வந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மத்திகிரியிலிருந்து முப்பது பேரை வேளாங்கண்ணிக்கு நடத்திக் கூட்டிப் போவார். முன்னால் மாதா சப்பரம், பின்னால் அரிசியும் பாயும் ஏற்றிய வேன். அக்கா எப்போதும் கடைசி ஆளாக, யார் அதிகம் நொண்டுகிறார்களோ அவர்களோடு நடப்பார். பாதிப் பேர் எங்களைப் போல இந்துக்கள், தெற்கே இருந்து பிழைக்க வந்தவர்கள். அக்கா யாருடைய மதத்தையும் விசாரிக்க மாட்டார், செருப்பைத்தான் விசாரிப்பார். ஒரே ஒரு சட்டம் உண்டு. காணிக்கை வீட்டிலிருந்தே நடந்து வர வேண்டும், கையில். லீவு முடிந்து பாதியில் திரும்புகிறவர்கள் அடுத்தவர் கையில் கொடுத்துவிடலாம்; நடை அறுபடாது. கோயில் வாசலில் வாங்கி வைப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "அங்கயே வாங்கி அங்கயே வெக்கறதுக்கு மாதா என்ன கல்லாவுலயா உக்காந்திருக்கா?" என்பார்.

வேறொரு கம்பெனியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரின் கை பிரஸ் மெஷினில் மாட்டிய வருஷம் நானும் கிளம்பினேன். இரண்டு விரலில் உணர்ச்சி போயிருந்தது. ஒரு வருஷத்துக்குள் இரண்டாவது ஆபரேஷன் செய்தால் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டுக்காரருக்குக் கத்தி என்றாலே பயம். எனக்கு அவரைவிடப் பயம். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து மூன்று நாள் லீவு கிடைத்தது, அதில் தர்மபுரி வரைதான் நடக்க முடிந்தது. பஸ் ஸ்டாண்டு வாசலில் மஞ்சள் துணியில் சுற்றிய மெழுகுக் கையை அக்காவிடம் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். பதினைந்து நாள் கழித்து, கேன்டீனில் எனக்குச் சாம்பார் ஊற்றியபடியே, "வச்சிட்டம்மா" என்றார். தட்டைப் பார்த்தே சொன்னார். அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

அந்த வாரம், ஊசியால் குத்தினால் விரல் நுனியில் லேசாகச் சுரீர் என்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மாதாவே பார்த்துக்கொள்ளும்போது கத்தி எதற்கு என்று தள்ளிப்போட்டோம். வருஷம் தாண்டி, விரல்கள் உள்ளே இழுக்க ஆரம்பித்த பிறகு போனோம். முன்னாடியே வந்திருக்க வேண்டும் என்று சொல்லி டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வீட்டுக்காரரை அவருடைய கம்பெனி கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தது, பிறகு அதுவும் இல்லை. ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட கதையை அக்காவிடம் நான் சொன்னதில்லை.

ஒவ்வொரு ஆவணிக்கும் அக்கா என்னைக் கூப்பிடுவார். புதிதாக ஒரு கை வாங்கிக்கொண்டு இந்தத் தடவை முழுசாக நட என்பார். ஆள் கணக்குக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். ஒருதரம் வைத்தாயிற்றே, திரும்பத் திரும்பக் கேட்டால் மாதாவுக்கே சலித்துவிடும் என்று சிரித்துத் தட்டிக்கழித்தேன்.

இப்போது அக்காவால் வாசல்வரைகூட நடக்க முடியாது, மூட்டு போய்விட்டது. மகள் வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். அவருடைய நடையை இப்போது ஒரு டிராவல்ஸ்காரர் நடத்துகிறாராம்: தொப்பி, கைடு, காலை வெயில் ஏறும்வரை நடை, மீதித் தூரம் ஏசி வேன், ராத்திரி லாட்ஜ். அதைச் சொல்லிச் சிரித்தவர், திடீரென்று நிறுத்தி, கட்டிலுக்கடியிலிருந்த பெட்டியை எடுக்கச் சொன்னார். மஞ்சள் துணியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

சேலம் தாண்டிக் காலில் கொப்புளம் உடைந்து, ஒரே ஒரு மதியம் மட்டும் பையை வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தாராம். சாயங்காலம் பிரித்தால் வெயில் சூட்டில் விரல் வளைந்திருந்தது. "மடங்கின கைய வெச்சா அவரு கையும் அப்படியே நின்னுடுமோன்னு பயந்துட்டம்மா. கடையில வேற வாங்கி வெக்க மனசு வரல. உங்கிட்ட சொல்ல வாயும் வரல" என்றார். பிறகு, "இப்ப எப்படிம்மா இருக்குது அவரு கை?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. உங்கள் ஒரு வார்த்தையை நம்பித்தானே அக்கா என்று தொண்டைவரை வந்தது. அந்த வார்த்தைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது நாங்கள்தான் என்பதும், ஆபரேஷன் செய்திருந்தாலும் சரியாகாமல் போயிருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, கோபம் இன்றுவரை போகவில்லை. அந்தக் கட்டிலில் கிடந்த முகத்தைப் பார்த்து, "நல்லாயிருக்குக்கா. டம்ளரெல்லாம் புடிக்கிறாரு" என்றேன். மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டார். அன்று அவர் எனக்குச் சாம்பார் ஊற்றியபோது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பீரோவில் வைக்கப்போன நேரத்தில் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். இடது கையால் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் வலது கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே இரண்டு விரல்.

"இப்பல்லாம் மடங்குனதாவே செஞ்சு விக்கிறாங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லி, அவர் கையிலிருந்து அதை வாங்கி, டாக்டர் சீட்டு இருக்கிற அதே தட்டில் வைத்தேன்.