சாரல் மேல் போட்ட பழி

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசி வாடகைக் கார்க்காரர்களுக்குப் பழிபோட வேறு ஆளே வேண்டாம். வண்டி கிளம்பவில்லையா, சாரல். ஹாரனுக்குத் தொண்டை கட்டிவிட்டதா, சாரல். பிரேக் பிடிக்கவில்லையா, அதுவும் சாரல்தான். பிரேக் விஷயத்தில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அருவிப் பக்கம் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் வண்டி இறங்கி ஏறினால் சக்கரத்துக்குள் ஈரம் புகுந்து, மிதித்தாலும் நிற்காமல் நழுவும். அதற்கு எங்கள் ஸ்டாண்டில் ஒரு கைவைத்தியம் இருந்தது. பெடலில் காலை லேசாக வைத்தபடியே அரை மைல் ஓட்டுவோம். சூட்டில் ஈரம் காய்ந்து பிரேக் பழையபடி பிடிக்கும்.

அறுபதுகளின் நடுவில் எனக்குச் சொந்தமாக ஒரு பழைய பிளஷர் கார் இருந்தது. அந்த வருஷம் சீசன் பாதியில் அதன் பிரேக் சுணங்க ஆரம்பித்தது. பாதி மிதியில் நின்ற வண்டி, பெடலை அடிவரை அமுக்கினால்தான் கேட்டது. பிறகு ஒரு மிதி போதவில்லை, இரண்டாவது மிதியும் வேண்டியிருந்தது. நிற்கும்போது இடப்பக்கம் இழுத்தது. முன் சக்கரத்தில் கர்ரென்று இரும்பு உரசும் சத்தம் வேறு. நான் வைத்தியத்தைக் கூட்டினேன். அரை மைல் ஒரு மைலாயிற்று. சக்கரத்தை உரசி நிறுத்தும் பிரேக் பட்டையான லைனிங்கில் மிச்சமிருந்ததையும் அந்த வைத்தியமே தேய்த்துக்கொண்டிருந்தது.

அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். மலைக்கு அந்தப்பக்கம் ஆரியங்காவில் இருந்த அவள் அக்கா விருந்துக்கு அழைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே அவளைக் காரில் கூட்டிப்போனேன். மலை ஏறும்போது பிரேக்குக்கு வேலை குறைவு. ராஜா மாதிரி ஓட்டினேன்.

சாப்பிட்டுவிட்டு மத்தியானம் திரும்பினோம். மலையடிவாரத்துப் புளியறைக்கு இறங்கும் இறக்கம் தொடங்குமுன் ஒரு மாட்டுவண்டிக்காக நிறுத்த வேண்டியிருந்தது. இரண்டு தடவை மிதித்தேன். கர்ரென்றது. பின் சீட்டில் அவள் வளையல்கள் மொத்தமும் இடப்பக்கம் சரிந்து குலுங்கின.

"இது என்ன சத்தம்?" என்றாள்.

"சாரல்ல நனைஞ்சிருக்கு. வேற ஒண்ணுமில்ல."

"மூணு நாளாச் சுள்ளுன்னு வெயிலடிக்கி. ரோட்டுல புழுதி பறக்கு. பின்ன எதுல நனைஞ்சுது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வண்டி ஓட்டுதது நீயா நானாட்டி? சும்மா இரி" என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.

முதல் வளைவில் மூன்று தடவை மிதித்தேன். இரண்டாவது வளைவில் எத்தனை மிதித்தேன் என்று தெரியாது. பெடல் அடிப்பலகையில் போய் இடித்தது, வண்டி நிற்கவில்லை. கியரை இறக்கினேன். என்ஜின் அலறியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் மண்மேட்டில் வண்டியை உரசவிட்டேன். கொஞ்ச தூரம் உரசிப்போய் நின்றது. வலப்பக்கம் பள்ளம். அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை, அவளைத்தான் திரும்பிப் பார்த்தேன். வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். இடது கை வளையல்கள் நொறுங்கி மடியில் கிடந்தன. மணிக்கட்டில் ரத்தம்.

"புள்ள அசையுது" என்றாள். அதன்பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவள் மறுபடி காரில் ஏறவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. சக்கரத்துக்குக் கல்லை அண்டக்கொடுத்துவிட்டு நின்றோம். மலையிலிருந்து வந்த பஸ்ஸைக் கைகாட்டி அவளை ஏற்றிவிட்டேன். நான் முதல் கியரிலேயே ஊர்ந்து ஊர்ந்து பின்னால் வந்தேன். புளியறை வருவதற்குள் வியர்வையில் சட்டை தொப்பலாகிவிட்டது.

மறுநாள் பட்டறையில் முன் சக்கரத்தைக் கழற்றினார்கள். லைனிங் இருந்த இடத்தில் அதைப் பிடித்திருந்த ரிவிட் ஆணிகளின் தலைகள் பளபளத்தன. அவை உரசிய பிரேக் டிரம் முழுக்கக் கோடு கோடாகக் காயம்.

"ரிவிட்ட வச்சுல்லா ஓட்டியிருக்கீய அண்ணாச்சி!" என்றார் மெக்கானிக். "போன வாரமே கழட்டிப் பாத்துருவோம்னு சொன்னம்லா? லைனிங் போயிருக்கும்னும் சொன்னேன். நீங்கதான் சீசன் முடியட்டும்னுட்டீய."

உண்மைதான். சீசனில் இரண்டு நாள் வண்டி பட்டறையில் நின்றால் என் வாடிக்கைக்காரர்கள் வேறு கார் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்குச் சாரல் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். குரலில் கோபமே இல்லை.

"பிரேக்கு போயிருக்குன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அதற்கப்புறம் சத்தம் கேட்ட அன்றைக்கே வண்டியைப் பட்டறைக்கு விட்டுவிடுவேன். என்னைக் கெட்டிக்கார டிரைவர் என்று ஊர் சொன்னது. அவளும் சொன்னாள். அந்த 'தெரியாது'வை மட்டும் நான் கடைசிவரை அவளிடம் மாற்றிச் சொல்லவே இல்லை.