என் கணவரைப் பற்றிப் பொய் சொன்னவர்

என் கணவர் பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு சாய ஆலையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். துணிக்குச் சாயம் ஏற்ற நீராவி வேண்டும். அதைக் கூட்டியும் குறைத்தும் அனுப்புவது அவர் வேலை. ஒரு மழைக்கால மதியம் நீராவிக் குழாய் வெடித்து அவர் மேல் அடித்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சில நாள் உயிரோடு இருந்தார். வெந்த உடம்பில் எதுவும் படாமலிருக்க, கொசுவலை மாதிரி ஒரு துணிக்கூண்டுக்குள் படுத்திருந்தார். நினைவு தெளிவாக இருந்தது.

"வால்வு கசியுதுன்னு சொல்லீட்டேதான் இருந்தனம்மணி. இந்த லோடு முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னு சொல்லிப்போட்டாப்ல" என்றார்.

அப்படிச் சொன்னவர் அங்கே சூப்பர்வைசர். என் கணவர் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நடந்ததை எனக்குத் தெரியப்படுத்துவது போலச் சொன்னார். அப்புறம் மகள் சாப்பிட்டாளா என்று கேட்டார். மறுநாள் பேச்சு நின்றது. அடுத்த நாள் போய்விட்டார்.

விசாரணைக்கு ஆட்கள் வந்தபோது அந்த சூப்பர்வைசர் வேறு மாதிரி சொன்னார். என் கணவர் குடித்துவிட்டு வேலைக்கு வந்ததாகவும், அழுத்தம் ஏறுவதைப் பார்க்காமல் தூங்கிவிட்டதாகவும் சொன்னார். உடன் வேலை செய்தவர்களுக்கு மறுநாளும் அதே ஆலை கேட்டுக்குள் போக வேண்டியிருந்தது. அவர்கள் வாய் திறக்கவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. சூப்பர்வைசர் சொன்னதே கடைசிப் பேச்சாக நின்றுவிட்டது.

அந்தப் பொய் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. என் கணவர் இளவயதில் குடித்தவர். மகள் பிறந்த வருடம் விட்டார். விட்டது மட்டுமல்ல, பங்குக்கோவிலில் நடந்த தியானக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, தான் எப்படிக் கிடந்தேன், ஆண்டவர் எப்படித் தூக்கிவிட்டார் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு எழுந்து நின்று கைதட்டினவர்கள்தான் அடக்கத்துக்கும் வந்திருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என் கையைப் பிடித்து ஒரு அம்மா, மெதுவாக, நிஜமான வருத்தத்தோடு கேட்டார்.

"மறுபடி எப்பங்க டீச்சர் ஆரம்பிச்சாரு?"

இல்லைங்க, அவர் தொடவே இல்லைங்க என்றேன். அந்த அம்மா தலையாட்டினார். புருசனை விட்டுக்கொடுக்காத பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டார் என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. என் கணவர் தினமும் வேலை விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அவர் மூச்சில் என்ன வாசம் அடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அதற்கு மேல் என்னிடம் சாட்சி எதுவும் இல்லை.

நானும் மகளும் கோயமுத்தூருக்கு வந்துவிட்டோம். இங்கேயும் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் வேலை கிடைத்தது. மகள் படித்தாள், பெங்களூரில் வேலைக்குப் போனாள். வெளியே பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் பூசையில் பரலோக மந்திரம் சொல்லும்போது, பிறர் செய்த தீமையைப் பொறுப்பது பற்றிய வரி வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். சுற்றிலும் எல்லோரும் சொல்லி முடித்த பிறகு அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன். பொய் சொல்லிச் செபம் செய்ய எனக்கு வராது.

சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். அப்போது இருந்த பங்குச் சாமியார் வயதில் என்னைவிடச் சின்னவர். மன்னிப்பது மனசில் தானாக ஊறி வரும் என்று காத்திருக்க வேண்டாம், செயலில் ஆரம்பியுங்கள், அந்த மனிதருக்காகத் தினம் ஒரு செபம் சொல்லுங்கள், நோயாளிகளைப் பார்க்கப் போகிற நம் பெண்கள் குழுவோடு சேர்ந்து நீங்களும் போங்கள் என்றார். செபம் சொன்னேன். கசாயம் குடிக்கிற மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்லி முடிப்பேன். சனிக்கிழமைகளில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் குழுவிலும் சேர்ந்தேன்.

அங்கேதான் அந்த சூப்பர்வைசரைப் பார்த்தேன். ஆண்கள் வார்டில் சன்னலோரக் கட்டிலில் கிடந்தார். பக்கவாதம். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி விரிப்பின் மேல் கிடந்தது. கூட இருந்தவர் மருந்து வாங்கப் போயிருந்தார். கட்டில் பக்கத்தில் தூக்குப்போசியில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பப் பார்த்தார், கழுத்து ஒத்துழைக்கவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கரண்டி எடுத்து நீட்டினேன். கொஞ்ச நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு திறந்தார். கஞ்சி கடைவாயில் வழிந்தது, துடைத்துவிட்டேன். போசி காலியாகும் வரை ஊட்டினேன். குழுவில் இருந்த பெண்கள் பக்கத்துக் கட்டிலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து குழாயடிக்குப் போய்ப் போசியைக் கழுவினேன். மனம் லேசாகும், ஒரு வெளிச்சம் தெரியும் என்றெல்லாம் தியானக் கூட்டங்களில் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.

ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் போனேன். அவரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய பிறகு சிங்காநல்லூர்ப் பக்கம் அவருடைய தம்பி வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் அட்டைக்கூரை போட்ட ஒரு அறை. சூப்பர்வைசரின் மனைவி இறந்திருந்தார். ஒரே மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனதோடு சரி. தம்பி மனைவிதான் எல்லாம் செய்தார். நல்ல மனுசி. வீட்டு வேலையும் பார்த்து, கடையும் பார்த்து, மைத்துனருக்கு மலஜலமும் எடுத்துக் களைத்துப் போயிருந்தார். நான் போனால் அவருக்கு ஒரு மதியம் ஓய்வு. "வாங்க டீச்சர்" என்று கூப்பிட்டு முதலில் மோர் கொடுப்பார்.

நகம் வெட்டிவிடுவேன். புரட்டிப் படுக்கவைத்து முதுகுப் புண்ணுக்குப் பவுடர் போடுவேன். செய்தித்தாள் வாசித்துக் காட்டுவேன். மெதுவாக அவருக்குப் பேச்சு வந்தது. குழறலாகத்தான், ஆனால் கவனித்துக் கேட்டால் புரியும். சத்தியமங்கலம் பக்கம் அவர்களுக்கு மஞ்சள் காடு இருந்ததாம். ஈரோட்டில் மஞ்சள் என்ன விலை போகிறது என்று கேட்பார். பவானியில் தண்ணீர் விட்டார்களா என்று கேட்பார். பெருந்துறை என்கிற பேரை மட்டும் அவரும் எடுக்க மாட்டார், நானும் எடுக்க மாட்டேன்.

ஒரு தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெரிய வாரம் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை, சொல்லிவிடுவது என்று முடிவு செய்து போனேன். சாப்பாடு கொடுத்து, வாய் துடைத்து, தலையணையை உயர்த்தி வைத்த பிறகு சொன்னேன்.

"உங்கள நான் மன்னிச்சுட்டனுங்க."

"எதுக்குங்க?" என்றார்.

அவரே நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"உங்க ஊட்டுக்காரரு குடிச்சிருந்தாருங்க டீச்சர். நாந்தான் பாத்தேன். அவரால எனக்கும் கெட்ட பேருதான். ஆனா நான் அதைய மனசுல வெச்சுக்கலைங்க. செத்தவரு மேல என்ன கோவம். நீங்க சங்கடப்படாதீங்க."

அவர் முகத்தில் பொய் சொல்கிறவரின் கள்ளத்தனத்தைத் தேடினேன். காணவில்லை. இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி அவருக்கு அதுவே உண்மையாகிவிட்டதா, அல்லது சாகக் கிடக்கும்போதும் விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. நான் மன்னிக்கப் போன இடத்தில் அவர் என் கணவரை மன்னித்துவிட்டு, எனக்கு ஆறுதலும் சொன்னார். இடது கையால் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

சாமியாரிடம் போய் இதைச் சொன்னேன். இனிமேல் போக வேண்டாம் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. "எனக்குத் தெரியலைங்கம்மா" என்றார். அவர் ஏதாவது பதில் வைத்திருந்தால் அன்றைக்கு நான் அவரையும் வெறுத்திருப்பேன். நேர்மையாகச் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு கேட்பதற்கு எனக்கு ஆள் இல்லை.

போவதை நிறுத்தவில்லை. நன்றி சொல்கிறவருக்கும் திருந்துகிறவருக்கும் செய்வதற்கு விசுவாசம் எதற்கு, யாருமே செய்வார்களே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டதில் கொஞ்சம் பிடிவாதமும் இருந்தது.

அந்த வருடம் மகள் லீவுக்கு வந்திருந்தாள். நோயாளி ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்பது அவளுக்குத் தெரியும். யார் என்று சொல்லியிருக்கவில்லை. சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. நான் நனைவேனே என்று போனில் இடம் கேட்டு, ஸ்கூட்டியில் என்னைக் கூட்டிப்போக வந்துவிட்டாள். நான் உள்ளே அவருக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். தம்பி மனைவி அவளை வாசலில் நிறுத்தி, துண்டு கொடுத்துத் துவட்டச் சொல்லி, பிரியமாகப் பேசியிருக்கிறார்.

"உங்கம்மா மாதிரி ஆரு இருப்பாங்க கண்ணு. அப்பா குடிச்சுப்போட்டு அப்படிப் பண்ணிப்போட்டாருன்னு, அந்தப் பாவத்தக் கழிக்க வாரம் தவறாம வந்து எங்க மாமாவப் பாத்துக்கறாங்க."

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அவர் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. தவறே செய்யாத ஒருத்தி எதற்காக வந்து ஒரு மனிதருக்குப் புண் கழுவ வேண்டும்? அவருக்குப் புரிகிற ஒரே காரணத்தை அவர் வைத்துக்கொண்டார்.

மகள் என்னை ஸ்கூட்டியில் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். ஈரத்துணிகூட மாற்றாமல் சமையலறையில் வந்து நின்றாள்.

"அந்த ஆளாம்மா?"

ஆமாம் என்றேன். இயேசு சொன்னதைத்தான் செய்கிறேன் கண்ணு, எனக்கு வேறு வழி தெரியவில்லை என்றேன்.

"நீ அங்க போற ஒவ்வொரு தடவையும், அப்பா குடிச்சாருன்னு நீயே போய்ச் சொல்லீட்டு வர்ற மாதிரிம்மா. அப்பாவுக்குன்னு இருந்தது நாம ரெண்டு பேருதான்."

மன்னிப்பு வேறு, உண்மை வேறு என்று அவளுக்கு விளக்கப் பார்த்தேன். வகுப்பில் இலக்கணம் விளக்குகிற குரலில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே பட்டது. நிறுத்திக்கொண்டேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. அப்பாவுடைய படத்தைச் சுவரிலிருந்து எடுத்துத் தன் துணிகளுக்கு நடுவில் வைத்துப் பையை மூடினாள். மறுநாள் காலை ரயிலுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வரவில்லை. மாத்திரை போட்டாயா என்று போனில் ஒரு வரி அனுப்புவாள். போட்டேன் என்று நான் ஒரு வரி அனுப்புவேன். கிறிஸ்துமசுக்கு வேலை இருக்கிறது என்பாள். கல்லறைத் திருநாளில் மட்டும் ஊருக்கு வருகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் பெருந்துறைப் பஸ் பிடித்து, சாமந்தி மாலையோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது என் கணவர் கல்லறை கழுவித் துடைத்துச் சுத்தமாக இருக்கும். மெழுகுவர்த்தி பாதி எரிந்திருக்கும். எனக்கு முன்னாலேயே வந்துவிட்டுப் போயிருப்பாள். ஒரு வருடம் விடியும்போதே போய்ப் பார்த்தேன். என்னைத் தூரத்தில் கண்டதும் அவள் பின்பக்க வழியாக இறங்கி நடந்தாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது?

போன வருடம் சூப்பர்வைசருக்கு இரண்டாவது தடவை வாதம் அடித்தது. பேச்சு முழுக்கப் போய்விட்டது. இனித் திரும்பாது என்று டாக்டர் தம்பியிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கு அந்தக் கட்டிலின் பக்கத்தில் நின்றபோதுதான், அத்தனை சனிக்கிழமைகளும் நான் எதற்குக் காத்திருந்தேன் என்று எனக்குப் புரிந்தது. என்றைக்காவது ஒரு நாள், அவர் குடிக்கலைங்க டீச்சர் என்று அந்த வாய் சொல்லும் என்று இருந்திருக்கிறேன். மகளுக்குப் போன் போட்டு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லலாம் என்று இருந்திருக்கிறேன். இப்போது அவரே சொல்ல நினைத்தாலும் முடியாது.

சாமியார் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். பெண்கள் குழுவும் கலைந்துவிட்டது. நான் மட்டும் போகிறேன்.

போன சனிக்கிழமை தம்பி மனைவி சொந்தக்காரர் வீட்டு விசேசத்துக்காகச் சத்தியமங்கலம் போக வேண்டியிருந்தது. சாயங்காலம் வரை இருக்க முடியுமா என்று கேட்டார். இருந்தேன். மதியம் கரண்ட் போய்விட்டது. அட்டைக்கூரைக்குக் கீழே அடுப்பு மாதிரி காந்தியது. செய்தித்தாளை மடித்து அவருக்கு விசிறிக்கொண்டிருந்தேன். வியர்வை அடங்கித் தூங்கிவிட்டார். எலும்பு தெரியும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, மனசுக்குள் பழைய வெறுப்பு இருக்கிறதா என்று தேடினேன். பெரிதாக இல்லை. அன்பு இருக்கிறதா என்று தேடினேன். அதுவும் இல்லை. தோள்பட்டை வலித்தது.

இருட்டுவதற்கு முன்னால் தம்பி மனைவி வந்துவிட்டார். போயிட்டு வாரனுங்க என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.