கனடா மச்சானின் முட்டியும் என் கழுத்துப் பட்டனும்

போன ஜூலையில் என் மச்சான் கனடாவிலிருந்து வந்திருந்தபோது நான் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். சென்னை வெயிலில் யாரும் அப்படிப் போடமாட்டார்கள். வலது தாடைக்குக் கீழே எனக்கு ஒரு கட்டி. முதலில் சட்டைப் பட்டன் அளவு இருந்தது, பிறகு கோட்டுப் பட்டன் அளவு. நான் தையல்காரன், அளக்காமல் இருக்க முடியவில்லை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் என் கடை. காலையில் ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போய், கண்ணாடி முன்னால் நின்று கழுத்தில் டேப்பை வைத்துப் பார்ப்பேன். ஒரு நாள் முக்கால் இஞ்ச். மறுநாள் ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச், குறையும். குறைந்தால் நிம்மதி வராது, டேப் மேல் சந்தேகம் வரும். இப்படியே ஒன்பது வாரம். வீட்டில் சொல்லவில்லை.

ஏன் டாக்டரிடம் போகவில்லை என்றால் என்னிடம் நிறைய காரணம் இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க வேண்டும். தனியாரில் எதில் கொண்டுபோய் விடுவார்களோ தெரியாது. எட்டாவதோடு படிப்பை விட்டவன், புரியாமல் ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவேனோ என்ற பயம் வேறு. அதனால் மச்சான் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டேன். உலகம் பார்த்தவர், எந்த வழி நல்ல வழி என்று அவர் பேச்சிலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மச்சான் என் மனைவியின் தம்பி. இருபது வருடமாக அங்கே ஒரு கிடங்கில் வேலை. ஊருக்கு வந்தால் ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டில்தான் தங்குவார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் செய்கிறதையே அவரும் செய்தார். முதல் வாரம் பல், அடுத்து கண்ணாடி, அதற்கப்புறம்தான் தி. நகர் புடவைக்கடை. இந்தத் தடவை கூடவே முட்டி. அங்கே முட்டியை ஸ்கேன் எடுக்க ஏழு மாதமாகக் காத்திருந்தாராம். இங்கே அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காலையில் கேட்டோம், சாயங்காலமே எடுத்துவிட்டார்கள்.

படத்தைப் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மச்சான் கை குலுக்கிவிட்டு, நொண்டிக்கொண்டே நேராக வாசலுக்குப் போய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வாட்ச்மேன் பின்னாலேயே ஓடி வந்து, "சார், பில்லு கட்டலியே" என்றார். நான் வெட்கத்தில் சுருங்கிப் போனேன். மச்சான் தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார்.

"இருபது வருசமா டாக்டரைப் பாத்துட்டு கவுண்ட்டர் பக்கம் போனதே கிடையாது மாமா. அங்க எல்லாம் கவர்மென்ட்டு காசு. காலு தானா வெளிய போவுது."

ஆட்டோ கிளம்பியதும் அமெரிக்காவைத் திட்ட ஆரம்பித்தார். கனடாவில் நாலு பேர் சேர்ந்து காபி குடித்தால் பேச்சு பக்கத்து நாட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுமாம். அமெரிக்காக்காரர்கள் வருஷா வருஷம் சட்டத்தை மாற்றுகிறோம் என்கிறார்கள், கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுகிற மாதிரிதான் போடுகிறார்கள், கனடா மாதிரி எல்லாருக்கும் ஒரே அரசாங்க அட்டை என்று கொடுத்துவிட்டால் முடிந்தது என்றார். சரி, அப்படியானால் அந்த வழிதான் நல்ல வழி என்று நான் மனதில் முடிச்சுப் போடும்போதே, கிடங்கில் கூட வேலை செய்கிற ஒருவர், காசு இருப்பவன் காசு கட்டிச் சீக்கிரம் பார்த்துக்கொள்ள கனடாவிலும் ஒரு கதவு திறக்கலாமே என்று சொல்வதாகச் சொன்னார். திறந்தால் நாமும் அமெரிக்கா ஆகிவிடுவோம் என்று இன்னொருவர் கத்துவாராம். நீ எந்தப் பக்கம் என்று கேட்டேன். வரிசைதான் நியாயம் என்றார். ஸ்கேன் படத்தின் உறை அவர் மடியில் இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து மச்சான் என் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தார். வாடிக்கைக்கார மாமி ஒருவர் பிளவுஸ் வாங்க வந்தார். அவருடைய பிள்ளை அமெரிக்காவில், இவரும் ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தவர். மச்சான் கனடா, முட்டியைக் காட்ட வந்தவர் என்று தெரிந்ததும் பிளவுஸை மறந்துவிட்டார். அங்கே ஆத்துல யாருக்காவது ஜுரம் என்றால்கூட முதலில் இன்ஷூரன்ஸ் அட்டையைத்தான் தேடுவார்களாம், பிள்ளைக்கு வேலை மாறினால் அட்டையும் மாறிவிடுமாம். மாற்றம் வரத்தான் வேணும் என்றார். மச்சான் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"அதுக்காக உங்க ஊர் மாதிரி முட்டியைத் தூக்கிண்டு மெட்ராஸ் வரணுமா?" என்று மாமி கேட்டார்.

மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் சொல்வதைக் கேட்டால் அவர் சரி, அடுத்தவர் வாயைத் திறந்தால் அவரும் சரி. நான் ஊசியில் நூல் கோர்க்கிற சாக்கில் குனிந்துகொண்டு, தெரிந்தவர் ஒருவருக்குக் கழுத்தில் கட்டி, அந்த நாடுகளில் என்றால் என்ன செய்வார்கள் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

மாமி, எந்த இன்ஷூரன்ஸ் என்பதைப் பொறுத்தது என்றார். மச்சான் உடனே சொன்னார்: "கட்டின்னா அங்க காக்க வெக்க மாட்டாங்க மாமா, முன்னாடி தள்ளிடுவாங்க. முட்டி ஆளுங்கதான் பின்னாடி நிக்கணும். யாருக்குக் கட்டி? எத்தினி நாளா கீது?"

ஒன்பது வாரம் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெய்லர், முதல்ல அந்த மேல் பட்டனை அவிழுங்கோ."

அவிழ்த்தேன். மச்சான் நொண்டிக்கொண்டு எழுந்து வந்து இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். மாமி பிளவுஸை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் மச்சான் என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஓ.பி. சீட்டு வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் நிறைய பேர். நான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவரால் உட்காரவே முடியவில்லை. அந்த முட்டியோடு கதவுக்கும் பெஞ்சுக்கும் நடந்தார். பிறகு வார்டு உதவியாளரிடம் போய் ஏதோ கேட்டார், அவர் கையை விரித்தார். திரும்பி வந்தபோது என்ன கேட்டாய் என்றேன்.

"பணம் கட்டி முன்னாடி பாக்குற மாதிரி எதுனா கீதான்னு கேட்டேன்."

"வரிசைதான் நியாயம்னியே?"

"அது என் முட்டிக்கு மாமா" என்றார். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் முறை வரும் வரை அமெரிக்கா பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கட்டியில் ஊசி குத்தி, கொஞ்சம் உறிஞ்சி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்துப் போனதற்கு, பயப்பட ஒன்றுமில்லை, கரையவும் செய்யலாம், அப்படியே இருக்கவும் செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்குள் மச்சான் கனடாவுக்குப் போயிருந்தார். போனில் சொன்னதும் அழுதுவிட்டார். பத்து நிமிடம் கழித்து, அங்கே ஏதோ புதுச் சட்டம் பேசுகிறார்கள் என்று மறுபடியும் அமெரிக்காவைத் திட்ட ஆரம்பித்தார். அவருக்கு எதுதான் சரி என்று படுகிறது என எனக்கு இன்னும் தெரியாது. மேல் பட்டனை இப்போது போடுவதில்லை. டேப்பை மட்டும் காலையில் ஒரு தடவை வைத்துப் பார்க்கிறேன்.