பத்துத் தடவை அழுத்திப் பார்த்தவர்

அய்யாவு கையில் எந்த ஸ்பிரிங்கைக் கொடுத்தாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பத்துத் தடவை அழுத்துவார். பொம்மசந்திராவில் ஸ்பிரிங் போடும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் அதே வேலை. முதலாளியே அவசரம் என்று வந்து நின்றாலும் பத்து முடியாமல் பெட்டியில் போடமாட்டார். ஒன்பதாவது அழுத்தில் உடைந்த ஸ்பிரிங்கைப் பார்த்த கை அது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அவருக்கே மூத்திர அடைப்பு வந்தது. அல்சூரிலிருந்து வேலைக்குப் போகிற பஸ்ஸில் அடிவயிறு கல்லாக இறுகிவிட்டது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரியில் டியூப் விட்டு இறக்கினார்கள். பிறகுதான் புராஸ்டேட்டில் கேன்சர் என்று தெரிந்தது. அதற்கு ஊசி போட்டார்கள், வலி குறைந்தது, அடைப்பு மட்டும் விடவில்லை. இரண்டு தடவை டியூபை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு தடவையும் திரும்பச் சொருக வேண்டியதாயிற்று. கீறிச் சரிசெய்யலாம் என்றால், ஏற்கெனவே ஒரு மாரடைப்பு வந்த உடம்பு. மயக்க மருந்து டாக்டர் ஒப்பவில்லை.

நாலு மாசமாக லுங்கிக்குள் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேன்சரைப் பற்றி அவர் யாரிடமும் புலம்பியதில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"நின்னுக்கினு ஒண்ணுக்குப் போவணும் சார். அவ்ளோதான்."

டாக்டர் சேஷகிரி கன்னடக்காரர், தமிழும் பேசுவார். "அய்யாவு அவரே, ஒரு வழி இருக்கு. அடைப்பு இருக்கிற எடத்துல சின்னதா ஒரு ஸ்பிரிங் வெச்சிடலாம். மயக்கம் வேண்டாம், கத்தி வேண்டாம்."

அய்யாவு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஸ்பிரிங்கா? இன்னா கம்பி? எத்தினி சுத்து?"

"அதெல்லாம் நீங்க ஏன்..."

"பத்து தபா அமுக்கிப் பாக்காம ஒரு ஸ்பிரிங்கும் என் கைய வுட்டு வெளிய போனதில்ல சார். எனக்குள்ள மட்டும் எப்டிப் போவும்?"

அவருடைய மனைவி லட்சுமம்மா தலையில் அடித்துக்கொண்டார். "டாக்டர் கிட்டயும் பட்டற நாயமா?"

டாக்டருக்குச் சிரிப்பு. மேஜை இழுப்பறையிலிருந்து மாதிரிக்கு வைத்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அய்யாவு அழுத்தினார். மூன்றாவதிலேயே உதட்டைப் பிதுக்கினார்.

"இது ரிஜெக்ட் சார். தம்மே இல்ல."

"இது எதையும் எகிறி அடிக்க வேண்டாம். வழியத் தெறந்து வெச்சா போதும். இப்பப் பாருங்க."

ஒரு கிண்ணத்தில் சுடுதண்ணீர் வந்தது. உள்ளே போட்டதும் ஸ்பிரிங்கின் ஒரு முனை ஊமத்தம்பூ மாதிரி விரிந்து நின்றது. யாரும் தொடவில்லை. அய்யாவு கிண்ணத்தின் மேலேயே குனிந்துவிட்டார்.

"அந்த விரிஞ்ச மொனதான் நகராமப் புடிச்சிக்கும். எடுக்கணும்னா ஐஸ் தண்ணி விடுவோம்." டாக்டர் ஐஸில் போட்டார். கம்பி துவண்டது. இடுக்கியால் இழுத்ததும் சுற்று சுற்றாகப் பிரிந்து நூலாக வந்தது.

"யாருய்யா கண்டுபுடிச்சான் இத!" என்றார் அய்யாவு. பத்து அழுத்தை அதோடு மறந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை வைத்தார்கள். மரத்துப்போக ஜெல்லி, கேமரா, கொஞ்சம் சுடுதண்ணீர். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. டியூபும் பையும் போய்விட்டன.

"நல்லாத் தண்ணி குடிங்க. சாயந்திரத்துக்குள்ள தானாப் போகணும். போகலேன்னா மறுபடி டியூப்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

மத்தியானம் போனது, மூன்று மணியும் ஆனது. அய்யாவு இரண்டு முறை கக்கூஸுக்குப் போய் நின்றுவிட்டு வெறுமனே திரும்பினார். முகம் சுருங்கிவிட்டது. நர்ஸ் புது டியூபை எடுத்து வைத்ததை லட்சுமம்மா பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் வந்து வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார். புருவம் ஏறியது. "உள்ள அவ்வளவா ஒண்ணும் இல்லியே! தண்ணி குடிச்சீங்களா இல்லியா?"

லட்சுமம்மா கட்டிலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தண்ணீர் நிரம்பிய மூன்று டம்ளர்கள் வரிசையாக நின்றன.

"ஏங்க, இன்னா வேல இது?"

"அது பிரிட்ஜ் தண்ணி லச்சுமி, சில்லுனு இருக்குது. ஐஸ்ல அது நூலாப் போனத நீயுந்தான பாத்த? உள்ள பிரிஞ்சிட்டா?"

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார். "வாயில போற தண்ணி அங்க நேராப் போகாது. சுத்தி வர்றதுக்குள்ள ஒடம்புச் சூடு ஏறிடும். நீங்க ஐஸ்கிரீமே தின்னாலும் அது பிரியாது."

"அப்ப ஒடம்பே அடுப்பு மாதிரி."

"ஹௌது, ஆமா. குடிங்க."

மூன்று டம்ளரும் காலி. மேலே இரண்டு காபி. ஐந்தரைக்கு அய்யாவு எழுந்து போனார். லட்சுமம்மா கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் சத்தமே இல்லை. அப்புறம் சொட்டு. அப்புறம் விட்டு விட்டு, பிறகு விடாமல், பீங்கானில் விழும் ஓசை வெகுநேரம் கேட்டது. லட்சுமம்மா சுவரில் சாய்ந்துவிட்டார்.

மறுநாள் காலை டாக்டர் வீட்டுக்குப் போகச் சொன்னார். அய்யாவு கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"ஏழு தபாதான் ஆயிருக்குது சார். இன்னும் மூணு பாக்கி. பத்தும் சரியாப் போனாத்தான் ஸ்பிரிங் பாஸு."

"லட்சுமம்மா, அவருக்குத் தண்ணி குடுங்க" என்றார் டாக்டர்.