மேலே ஏழு படி

சவிரிமுத்தர் கேட்டது பிடித்து ஏற ஒரு இரும்புக் கம்பி, அவ்வளவுதான். அதுக்கும் இவ்வளவு இழுபறியா என்று அவருக்கு அலுத்துப்போய்விட்டது.

ஊர்காவற்றுறையில் கடலைப் பார்த்து நிற்கும் அந்தப் பழைய மாதா கோயிலின் மணிக்கோபுரத்துக்கு இருபத்தாறு படி. தடித்த முருகைக்கல் சுவருக்குள்ளேயே, தோளை ஒடுக்கிக்கொண்டு ஓராள் ஏறுகிற அளவுக்குச் சுற்றிச் சுற்றிப் போகும். பறங்கியர் காலத்தில் அதைக் கட்டினவன் எவனும் எழுபத்திரண்டு வயதுக்காரனின் முழங்காலை நினைத்துக் கட்டவில்லை. விடிய, மத்தியானம், பின்னேரம் என்று திரிகால மணிக்காக நாளுக்கு மூன்று தரம் சவிரிமுத்தர்தான் ஏறி மணியடிக்கவேண்டும். மனைவி மரியபாக்கியம் மோசம்போன அன்று துக்கமணியையும் அவரேதான் ஏறி அடித்தார். வேறு ஆள் இல்லை. இறங்கி வந்துதான் அழுதார்.

போன மாதம் கீழே எட்டாம் படியில் சறுக்கி விழுந்தார். இன்னொரு தரம் விழுந்தால் எழும்பமாட்டார் என்பது அவருக்கே தெரியும்.

பழைய கட்டடங்களைப் பார்க்கும் உத்தியோகத்தர் தனுசியா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தாள். நல்ல பிள்ளை. வாயைத் திறந்தால்தான் கரைச்சல்.

"நானூறு வருசக் கல்லு ஐயா. துளை போட ஏலாது."

இருவரும் மேலே ஏறினார்கள். கடைசி வளைவில் ஒரு படியைக் கண்டதும் அவள் அப்படியே குந்திவிட்டாள். நடுவில் சட்டிபோலக் குழிந்திருந்தது. அடிமட்டம் வைத்து அளந்தாள், படம் எடுத்தாள், கையால் தடவினாள்.

"எத்தினை தலைமுறை ஏறி இறங்கித் தேய்ஞ்சிருக்கும்!"

சவிரிமுத்தர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். பேசாமல் விட்டிருக்கலாம். களைப்பு விடவில்லை.

"பிள்ளை, மேலை ஏழு படியும் சண்டைக்கை ஷெல் விழுந்து உடைஞ்சு போட்டுது. தொண்ணூற்றேழிலை ஊருக்குத் திரும்பி வந்து நான்தான் இந்தக் கல்லுகளை வைச்சனான். பிறகு என்னை விட்டா இதிலை ஆர் ஏறினது?"

அவள் அடிமட்டத்தைப் பார்த்தாள். பிறகு அவருடைய வெறுங்காலைப் பார்த்தாள். கொப்பியில் எழுதியதை வெட்டினாள்.

"அப்ப இந்த ஏழு படிக்கும் கம்பி பூட்டலாம் ஐயா. இது புதுக் கல்லுத்தானே."

"கீழை பத்தொன்பதுக்கும்?"

"அது ஏலாது."

சவிரிமுத்தருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மத்தியான மணிக்கு நேரமாகியிருந்தது. ஏறி அடித்தார்.

இறங்கும்போது தனுசியா முன்னால் போனாள். "என்ரை தோளைப் பிடியுங்கோ ஐயா" என்றாள். பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். பின்னேர மணிக்கு அவள் இருக்கமாட்டாள்.