வெள்ளைக் கொண்டைக்காரி

எனக்குச் சக்களத்தியாக வந்தது ஒரு கோழி. சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை காலம் யாரிடமும் சொன்னதில்லை.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் என் புருஷனுக்குப் பங்களா வேலை. துரையின் மனைவியைத் துரைசாணி என்போம். அவர் அழகுப் போட்டிக்கு வைப்பதற்கென்றே சீமையிலிருந்து கப்பலில் கோழிகளை வரவழைத்திருந்தார். அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் என் புருஷனின் வேலை. அதில் ஒரு பெட்டை கன்னங்கரேலென்று இருக்கும். தலையில் மட்டும் செவ்வந்திப் பூவைக் கவிழ்த்தாற்போல வெள்ளைக் கொண்டை. கொண்டை இறகு கண்ணை மறைப்பதால் கிட்டே வருவது யாரென்று அதற்குத் தெரியாது. திடீரென்று தொட்டால் மிரண்டு கம்பியில் மோதிக்கொள்ளும். தூரத்திலேயே குரல் கொடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அப்படி என் புருஷன் குரல் கொடுப்பதை ஒரு நாள் வேலிக்கு வெளியே நின்று கேட்டேன்.

"வந்துட்டேன்மா. பயப்படாதடா தங்கம். நான்தான்."

எங்களுக்குக் கலியாணமாகி மூன்று வருஷம். லயத்து வீட்டுக்கு வந்தால் சோற்றைத் தின்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிற மனிதருக்கு இப்படி ஒரு குரல் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொழுந்துக்கூடையோடு அங்கேயே நின்றேன். கொண்டையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி மல்துணியால் ஒற்றி எடுத்தார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு வாய் வெந்நீர் வைத்துத் தராத கை அது. வயிறு எரிந்தது. மரநாய் வந்து தூக்கிப் போகட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

பதுளையில் கோழிப் போட்டி வைத்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் அவர் காய்ச்சலில் விழுந்தார். வண்டிக் குலுக்கலில் கோழி மிரளும். கூடையில் வைத்துத் தலையில்தான் சுமந்து போக வேண்டும்.

"நீ கொண்டு போ," என்றார். "கூடையச் சாய்ச்சிடாத. கொண்டையில தூசி படக் கூடாது."

"அவ்வளவு தூரம் நான் எப்படி நடப்பேன்னு கேக்க மாட்டீங்களா?"

அதற்குள் கண்ணை மூடிக்கொண்டார்.

பாதி வழியில் எதிரே வந்த மாட்டுவண்டியின் சத்தத்தில் கோழி கூடைக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது. கூடையை இறக்கி மடியில் வைத்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் அவருடைய வார்த்தைகளையே சொன்னேன். "வந்துட்டேன்மா. பயப்படாதடா தங்கம்." எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் கோழி அடங்கிவிட்டது. மூடியைத் திறந்து கையை வைத்தேன். தலையை என் உள்ளங்கையில் சாய்த்துக்கொண்டது. மிச்ச வழியெல்லாம் அதனிடம் பேசிக்கொண்டேதான் நடந்தேன். வேறு யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன், அவரைப் பற்றியுந்தான்.

முதல் பரிசு அதற்குத்தான். துரைசாணி சந்தோஷத்தில் ஓடிவந்து தூக்க, கோழி மிரண்டு அவர் கையைப் பிறாண்டியது. நான் குரல் கொடுத்ததும் என் பக்கம் கழுத்தை நீட்டியது.

"உன் கோழியா?" என்று சிரித்தார்.

"இல்லீங்க தொரசாணி," என்றேன். மனசு ஆமாம் என்றது.

காய்ச்சல் விட்டு எழுந்த அன்றே அவர் கூட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அவர் கூப்பிட்டதும் கோழி வந்தது. நான் ஒரு வார்த்தை பேசினேன். அவரை விட்டுவிட்டு என் குரல் வந்த பக்கம் நடந்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"அத என்னடி செஞ்ச?"

"ஒண்ணுஞ் செய்யலங்க. பேசினேன், அவ்வளவுதான்."

"இனிமே இந்தப் பக்கம் வராத."

ஆனாலும் போனேன். தினமும் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு போய் வேலியோரம் நின்று குரல் கொடுப்பேன். அவர் கையிலிருக்கும் தீனியை விட்டுவிட்டு அது கம்பியோரம் ஓடிவரும். அவர் பார்த்துக்கொண்டே நிற்பார். எனக்கு இனித்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டில், கங்காணி என்னை மேல்மலைக்குப் போகச் சொன்னார். பங்களாவிலிருந்து வெகுதூரம் அது.

"ஏனுங்க, நான் கீழ்மலைதானே?"

"ஒம் புருஷன்தான் வந்து கேட்டுக்கிட்டான். ஏன்னு அவனையே கேளு."

நான் கேட்கவில்லை. கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. என்னைத் தள்ளி வைக்கச் சொல்லி இன்னொரு மனிதரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாரே, அவ்வளவுக்கு நான் ஒரு பொருட்டாகிவிட்டேனே என்று நினைத்து நினைத்து மலையேறினேன். அந்த மழைக்காலம் முடியும்வரை மேல்மலையில்தான் கொழுந்தெடுத்தேன். அங்கிருந்து பார்த்தால் பங்களாவின் தகரக்கூரை தெரியும். கோழிக்கூடு தெரியாது.